நரம்பில்லாத மட்டை

என் கணவரின் உறுப்பினர் அட்டையில் அறுபத்திரண்டு என்று எழுதியிருந்த காரணத்தால் என் வலது முழங்கை இரண்டு ஆண்டுகள் வலித்தது. இன்று இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் நாங்கள் டென்னிஸ் ஆடிய மன்றத்தில், இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் நெடுநாள் தோன்றவில்லை.

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும்போது ஒவ்வோர் இழையையும் இயந்திரம் குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பிடிக்கும். அந்த இறுக்கத்தைப் பவுண்டில் சொல்வார்கள். எங்கள் மன்றத்தில் அதற்கென்று பின்கட்டில் ஒரு சிறிய அறையும், அந்த அறையில் ஓர் இயந்திரமும், இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியும் இருந்தன. மரப்பெட்டிக்குள் அட்டைகள், உறுப்பினர் எண் ஒன்றுக்கு ஓர் அட்டை, அட்டையில் அவருடைய பவுண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள். நாங்கள் அவர்களைச் சார்ந்தவர்கள் என்ற கணக்கில் உள்ளே போய்வந்தோம். மனைவி ஒருத்தி நரம்பறுந்த மட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மார்க்கர் அவளுடைய கணவரின் அட்டையை உருவிப் பார்த்து, அவருடைய இறுக்கத்திலேயே கட்டித் தருவார். மார்க்கர் என்று அங்கே அழைக்கப்பட்டவர் உறுப்பினர்களோடு பந்தடித்துப் பழக்கும் ஊழியர். மட்டைகளும் அவர் பொறுப்பு. கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் வருவார், என் வயதுதான் இருக்கும், எவரிடமும் குரலை உயர்த்தாதவர். என் மட்டையை அறுபத்திரண்டில் கட்டியது அவர் தவறல்ல. பெட்டியில் இருந்ததை எடுத்து அவர் படித்தார்.

என் கணவர் ஆறடிக்காரர். பம்ப்செட் தயாரிக்கும் பட்டறை வைத்திருந்தார். வார்ப்பிரும்பைத் தூக்கிப் பழகிய தோள். அவர் ஓங்கி அடித்தால் பந்து கோட்டுக்குள் விழுவதற்கு இறுக்கமான நரம்பு தேவைப்பட்டது. நான் ஐந்தடி ஓரங்குலம். மகளிர் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்தேன். முப்பத்தாறாவது வயதில் சல்வார் கமீசும் கேன்வாஸ் காலணியுமாக ஆடத் தொடங்கியவள். என் மட்டையோ கொழுந்தனார் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தது. கிராஃபைட், தடித்த சட்டம், எடை மிகக் குறைவு. எடை குறைந்தது பெண்களுக்கு நல்லது என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் வளையாது. நரம்பும் விட்டுக்கொடுக்காது. பந்து மட்டையில் படும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் கைப்பிடி வழியே ஏறி என் முழங்கையின் வெளிப்புறத்தில் போய் நின்றது.

முதலில் தோசையைத் திருப்பும்போது வலித்தது. பிறகு கதவுத் தாழ்ப்பாளை இழுக்கும்போது. கடைசியில், நூலகத்தின் மேல்தட்டிலிருந்து பைண்டு செய்த கனமான இதழ்த் தொகுதி ஒன்றை எடுக்கப் போய் அது கைநழுவித் தரையில் விழுந்து, வாசித்துக்கொண்டிருந்த மாணவிகள் அத்தனை பேரும் தலைநிமிர்ந்து பார்த்தபோது, வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வளைத்து, நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஊட்டு வேலை போதாதுங்களா? இந்த வயசுல ஓடியாடி எந்தக் கப்பு வாங்கப் போறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். மூன்று வாரம் ஓய்வு, முழங்கையில் கட்டு. அதன் பிறகு ஆட்டத்தை விட்டுவிடுவது நல்லது.

விட்டிருக்கலாம். என் ஒருத்தியின் ஆட்டம் என்றால் ஒருவேளை விட்டிருப்பேன். ஆனால் நான் நின்றால் நாங்கள் நான்கு பேரும் நிற்க வேண்டியிருந்தது.

திங்கள், புதன், வெள்ளி மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை ஓர் ஆடுகளம் பெண்களுக்கு. அந்த ஒரு மணி நேரத்தைப் பெறுவதற்கு எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. அறிவிப்புப் பலகையில் அதற்கு ஒரு நிபந்தனையும் ஒட்டியிருந்தார்கள்: குறைந்தது நான்கு பேர் மட்டையுடன் ஆடுகளத்தில் இருந்து பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும், தொடர்ந்து மூன்று முறை எண்ணிக்கை குறைந்தால் அந்த நேரம் பொது ஆட்டத்துக்குத் திரும்பிவிடும். பொது ஆட்டம் என்றால் ஆண்கள். நாங்களோ சரியாக நான்கு பேர்தான் இருந்தோம்: ஒரு பல் மருத்துவர், பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர், மன்றச் செயலாளரின் மனைவி, நான். முழங்கை வலியால் நான் இரண்டு முறை போகவில்லை. மூன்றாவது முறை வரப்போகும் திங்கட்கிழமை.

மருத்துவரிடம் போன அந்தச் சனிக்கிழமை, வீட்டுக்குக் கூட்டிப்போகக் கணவர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே போனேன். அங்கே ஒரு மோட்டாரை நிறுத்திவைத்து, அதன் பெல்ட்டைக் காட்டி ஃபிட்டரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"நடுவுல பெருவிரல்ல அமுக்குனா அரை இஞ்ச் எறங்கோணும்னு எத்தன தடவ சொல்றது? வீணைக் கம்பியாட்ட இழுத்துக் கட்டி வெச்சிருக்கற. ஒரே மாசத்துல பேரிங் போயிரும்."

அந்தச் சொற்களை நான் திருமணமான நாளிலிருந்து கேட்டுவருகிறேன். அன்றுதான் அவை காதைத் தாண்டி உள்ளே போயின. காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஏனுங்க, பெல்ட்டை இறுக்குனா பெல்ட்டுதானே அறுந்து போகோணும்? பேரிங் எதுக்குங்க போகுது?"

"பெல்ட்டு தாங்கிக்கும் அம்மணி. இழுக்கற இழுப்பு எங்கியாச்சும் போய்ச் சேரோணுமில்ல? அச்சத் தாங்கற பேரிங்லதான் போய் உக்காரும்."

பின் இருக்கையில் கிடந்த என் மட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நடுவுல அமுக்கிப் பாருங்க."

பெருவிரலால் அழுத்தினார். நரம்பு இறங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார்.

"இதுக்குப் பேரிங் எங்க இருக்குதுங்க?" என்றேன்.

அவர் என் முழங்கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "இத நான் ரெண்டு வருசமாப் பார்க்காம இருந்துபோட்டனே" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்ட முறை அதுதான்; அதற்குமேல் நான் எதிர்பார்க்கவுமில்லை.

அன்று மாலையே கல்லூரி நூலகத்தைத் திறந்து, விளையாட்டுகளின் இயற்பியலைப் பற்றிய ஒரு பழைய நூலைத் தேடி எடுத்தேன். பந்து நரம்பில் மோதும்போது நரம்பு உள்வாங்கினால், வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பந்துக்கே திருப்பிக் கொடுக்கும். நரம்பு விறைத்து நின்றால் பந்துதான் நசுங்கும். நசுங்கும் பந்து ஆற்றலைத் தின்றுவிடும். எனவே தளர்ந்த நரம்பு வேகம் தரும், கைக்கும் இதம். இறுகிய நரம்பு குறி தரும், வேகத்தைக் குறைக்கும். எங்கள் மன்றமோ இதை நேர்மாறாக நம்பியது. இறுக்கினால் பந்து பறக்கும் என்பது அங்கே ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. "நான் அறுவத்தஞ்சு போட்டிருக்கறனுங்க" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மறுவாரம் அறுபத்தாறு போட்டுக்கொள்வார். அந்தப் போட்டியின் நடுவில் எங்கள் முழங்கைகளும் மணிக்கட்டுகளும் அகப்பட்டுக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கரிடம் போய், அந்த நூல் வலிக்கும் கைக்குச் சொல்லியிருந்தபடி நாற்பத்தெட்டில் கட்டித்தரக் கேட்டேன். அவர் மரப்பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

"சாருக்கு அறுவத்திரெண்டுங்க மேடம். மாத்தோணும்னா சார் கையெழுத்து வேணுமுங்க."

"மட்டை என்னுதுங்க."

"தெரியுமுங்க. அட்டை சாரோடதுங்களே." சற்றுத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்: "நாப்பத்தெட்டு உங்க கைக்கு நல்லதுதானுங்க. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் பேனாவை எடுத்துவிட்டார். "இதுக்கென்ன, ஒரு கையெழுத்துத்தான? எனக்கும் சேர்த்து நாப்பத்தெட்டுன்னு போட்டுக்கலாம். நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"வேண்டாமுங்க."

"நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

"நீங்க வேணாம்னு சொல்லலீங்க. என்ற கைக்கு எத்தன பவுண்டுன்னு நீங்க சொன்னாத்தான் ஆகும்ங்கறாங்களே, அதுதானுங்க எனக்கு ஆக மாட்டேங்குது."

அவர் பேனாவை மூடினார். அவருக்கு வருத்தம்தான். எனக்கும் அது தெரிந்தே இருந்தது. அந்தக் கையெழுத்தை வாங்கியிருந்தால் என் முழங்கை பிழைத்திருக்கும். அந்த மரப்பெட்டி அப்படியே இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான்கு மணிக்குச் செயலாளரின் அறைக்குப் போனேன். அவர் பருத்தி நூல் வியாபாரி. கருமத்தம்பட்டி விசைத்தறிக்காரர்களிடம் பேசிப் பேசி மெருகேறிய நிதானம் அவருக்கு உண்டு. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ஒரு நம்பருக்கு ஒரு அட்டைங்க அம்மணி. உங்களுக்குன்னு தனியாப் போட்டா நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. நாப்பத்தெட்டு வேற சொல்றீங்க. அது மட்டைங்களா, கொசுவலைங்களா?"

"அறுவத்திரெண்டுல என்னால ஆட முடியாதுங்க."

"அப்ப ஆடாதீங்க. யாரும் கட்டாயப்படுத்தலீங்களே." இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். நான்கு பதினைந்து.

அவர் மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. நான் எடுத்தேன். மட்டையை மடியில் வைத்து நடு இழையை முதலில் வெட்டினேன். அடுத்து அதற்கு வலப்பக்கத்து இழை, பிறகு இடப்பக்கம். ஓரத்திலிருந்து வெட்டினால் இழுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து சட்டம் கோணிவிடும் என்று நூலில் படித்திருந்தேன். ஒவ்வோர் இழையும் அறும்போது ஈரமில்லாத விறகு முறிவதுபோல் ஓர் ஓசை. அவர் காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கை வலித்தது, அவசரப்படாமல் கடைசி இழை வரை வெட்டி, துணுக்குகளைப் பொறுக்கி அவருடைய குப்பைக்கூடையில் போட்டேன்.

"இப்ப எந்த அட்டையும் இல்லைங்க இதுக்கு" என்று சொல்லிவிட்டு ஆடுகளத்துக்குப் போனேன்.

பதிவேட்டில் நான்காவதாக ஒப்பமிட்டேன். மட்டையுடன் இருக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை சொன்னது. மட்டையில் நரம்பு இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நான் அறிவிப்புப் பலகையை இருமுறை படித்திருந்தேன்.

அடுத்த மூன்று வாரங்கள், ஒன்பது மாலைகள், நான் வெற்றுச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வலைக்கருகே நின்றேன். மற்ற மூவரும் ஆடினார்கள். என் பக்கம் வந்த பந்து சட்டத்தின் நடுவே நுழைந்து போயிற்று. பின்னால் நின்ற கணக்கு ஆசிரியை ஓடி எடுத்தார். "சன்னலத் தொறந்து வெச்சுட்டு நிக்கறீங்களே, காத்து நல்லா வருதுங்களா?" என்று கேட்டு அவரே சிரித்து, சிரிப்பில் பந்தைத் தவறவிட்டார். பக்கத்து ஆடுகளத்து ஆண்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. "ஏனுங்க, சோப்புத்தண்ணி கொண்டாரட்டுங்களா? முட்டை ஊதலாம்" என்றார் ஒருவர். இன்னொருவர் என் கணவரிடமே போய், "உங்க அம்மணிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றாராம்.

"சொல்லப் போனனுங்க. எனக்குத்தான் சொல்லி அனுப்பிச்சுட்டாங்க" என்று கணவர் பதில் சொன்னதை, அன்றிரவு உணவின்போது அவர் வாயாலேயே கேட்டேன். கையெழுத்தைப் பற்றி அவர் மறுபடியும் பேசவில்லை. ஆனால் ஒரு காலையில் பார்த்தபோது, என் மட்டையின் கைப்பிடியிலிருந்த தடித்த தோலைப் பிரித்து, என் உள்ளங்கை அளவுக்கு மெல்லிய பருத்தி நாடாவைச் சுற்றிவைத்திருந்தார். பருத்த கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதும் முழங்கைக்குக் கேடுதான். அவர் அதைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்.

மருத்துவர் சொன்ன மூன்று வார ஓய்வு இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. கையை வீசாமல் நின்றதில் வலி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மனம் அவ்வளவு உறுதியாக இல்லை. ஏழாம் நாள், எட்டாம் நாள் எல்லாம், இந்த வேடிக்கைக்கு முடிவு என்ன என்று எனக்கே தெரியாமல்தான் நின்றேன். பல் மருத்துவர் தமக்கு நோயாளிகள் காத்திருப்பதாகவும் இப்படியே எத்தனை நாள் என்றும் கேட்டபோது, இன்னும் ஒரே ஒரு மாலை வரும்படி கேட்டுக்கொண்டேன்.

பத்தாவது மாலை செயலாளரின் மனைவி தாமதமாக வந்தார். அவர் அதிகம் பேசாதவர். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். வளையல் குத்திவிட்டது என்று ஓராண்டாகச் சொல்லிவந்தார். அவருடைய கணவரின் அட்டையில் அறுபத்தாறு. அன்று அவர் உறையிலிருந்து மட்டையை எடுத்தார். அதிலும் நரம்பு இல்லை.

"கத்தரிக்கோல் கெடைக்கலீங்க" என்றார். "தேங்காய் கீறற கத்தியில அறுத்துபோட்டேன்."

அவர் ஓரத்திலிருந்து அறுத்திருந்தார். சட்டம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அதை என்னிடம் காட்டி, "இப்படித்தான் ஆகுமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வலையின் மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேர் ஆட, வலையின் இருபுறமும் இரண்டு வெற்றுச் சட்டங்கள். பக்கத்து ஆடுகளத்தில் அன்று எவரும் சோப்புத்தண்ணி பற்றிப் பேசவில்லை.

செயலாளர் படியில் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். கடைசியில் இறங்கி வந்து, தம் மனைவியின் பக்கம் திரும்பாமல், என்னிடம் கேட்டார்.

"இது என்ன கூத்துங்க அம்மணி?"

நான் வாய் திறக்கும் முன் அவருடைய மனைவி பதில் சொன்னார். "கூத்து இல்லீங்க. ஒரு வருசமா என்ற கை வலிக்குதுங்க."

"எங்கிட்டச் சொல்லவேயில்லையே?"

"நீங்க அறுவத்தஞ்சா அறுவத்தாறான்னு பேசிட்டிருந்தீங்க."

அவர் திரும்பி, மனைவியின் மணிக்கட்டிலிருந்த கட்டைப் பார்த்தார். அந்த மனிதரின் மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை. பெருவிரலை நரம்பில் வைத்து அழுத்திய என் கணவரின் முகமே அவரிடமும் இருந்தது. ஆனாலும் இரக்கப்பட்டு ஏதும் பேசிவிடக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே மரப்பெட்டியில் நான்கு புதிய அட்டைகள் சேர்ந்தன. மார்க்கர் என் முன்னால் ஒன்றை வைத்து, பென்சிலைக் கையில் எடுத்து, "உங்களுக்கு எத்தனைங்க மேடம்?" என்று கேட்டார். அவருக்கு விடை முன்பே தெரியும். இருந்தும் கேட்டார், நானும் சொன்னேன். கெட்டியான பழைய இழைக்குப் பதில் மென்மையான நைலான் நரம்பை நாற்பத்தெட்டில் கட்டித் தந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அதைக் கொண்டு முதல் பந்தை அடித்தபோது எங்கள் பக்கத்தில் ஏழெட்டு ஆண்கள் வேலை ஏதுமில்லாததுபோல் நின்றுகொண்டிருந்தார்கள். செயலாளரும் இருந்தார். பல் மருத்துவர் எனக்கு மெதுவாக ஒரு பந்தைப் போட்டுக் கொடுத்தார். நான் பழைய பழக்கத்தில் முழு வீச்சாக வீசினேன். மட்டையின் நடுவில் பந்து ஒரு கணம் உட்கார்ந்ததை நான் உணர்ந்தேன்; அதுவரை என் கை அறியாத உணர்வு அது. பிறகு பந்து கிளம்பியது. வலையைத் தாண்டி, எல்லைக்கோட்டைத் தாண்டி, வேலியையும் தாண்டிச் சாலையில் போய் விழுந்தது. வெளியே ஓர் ஆட்டோ பிரேக் போட்டு நின்ற சத்தம் கேட்டது.

"நான் சொன்னனுங்களே, கொசுவலைன்னு" என்றார் செயலாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. தளர்ந்த நரம்பு வேகத்தைத் தரும். பந்தைக் கோட்டுக்குள் வைக்க ஆடுபவர் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்க எனக்கு அந்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. பின்னாளில் நானே மார்க்கரிடம் போய் அந்த எண்ணை ஐம்பத்தொன்றாக மாற்றச் சொன்னேன். அவர் பழையதை அடித்துப் புதியதை எழுதினார், கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவை எல்லாம் பிறகு நடந்தவை.

அன்று அந்தப் பந்து வேலிக்கு வெளியே போனதும், நான் இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை.

"அவுட்டுங்க" என்றார் செயலாளர், இன்னும் சிரித்துக்கொண்டே.

"ஆமாங்க, அவுட்டுதான்" என்றேன். "நான் அடிச்சது." பிறகு வலைக்கு அந்தப் பக்கம் திரும்பி, இன்னொரு பந்து போடச் சொன்னேன்.